காலண்டரில் இல்லாத பௌர்ணமி

அந்த அக்கா வருவது வண்டிச் சத்தத்தில் தெரியாது. எல்லா மொபெட்டும் ஒரே மாதிரிதான் கத்தும். வண்டி நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் வந்திருப்பது அக்கா. வாசலில் கால் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா, வர்ற வழியில வண்டி நின்னுப்போச்சி. பிளக்கைக் கழட்டிப் பாத்தா ஒரே கரி. தேச்சேன், ஒரு மிதி மிதிச்சேன், கிளம்பிடுச்சி. இதுல ஒரு பாடம் இருக்குது பாரு."

"இன்னாக்கா பாடம்?"

"நெருப்பு உள்ளதான் இருக்குது. கரிதான் மறைச்சிக்கினு இருக்குது. நமக்கும் ஆண்டவர் புதுசா நெருப்பு குடுக்கத் தேவையில்ல. கரியைத் தேச்சி வுட்டா போதும்."

மறுபடி கரி பிடித்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். எனக்கு எதைக் கேட்டாலும் அதன் அடுத்த ஆபத்துதான் முதலில் தோன்றும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நின்றதற்குக் காரணம் அம்மாவின் உடம்பு. ஆனால் படிப்போடு கவலையும் நிற்கவில்லை. அடுப்பை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா, கணவர் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் உறுதியாக இருக்குமா என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

"கரி பிடிக்கும். பிடிக்காம இருக்குமா? அதுக்குத்தான் சீட்டுக்கு அடியில உப்புத்தாள் வெச்சிருக்கேன்" என்றார் அக்கா. அதிலும் ஒரு பாடம் வந்தது. அது எனக்கு மறந்துவிட்டது.

அவர் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அரசாங்கத்து நர்ஸ். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுப்பது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது அவர் வேலை. மொபெட்டின் பின்னால் தடுப்பூசிப் பெட்டி, முன்னால் எடை பார்க்கும் தராசு, தோளில் பை. ஞாயிற்றுக்கிழமையில் அதே வண்டியில் எங்கள் சின்னச் சபைக்கு வருவார். அங்கேதான் எனக்கு முதலில் பழக்கம்.

சபையில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையை யாராவது எழுந்து சொல்லலாம். மற்றவர்களுக்குப் பாஸ்டர் நேரம் குறிப்பதில்லை. அக்கா எழுந்தால் மட்டும் கையைத் திருப்பி வாட்சைப் பார்ப்பார். அக்கா அதைக் கவனிக்கவே மாட்டார். ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லுவார். ஐஸ் உருகுவதற்குள் மருந்து கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நல்ல செய்தியும் அப்படித்தான், நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தால் கெட்டுவிடும். இதைச் சொல்லும்போது நிஜமாகவே மருந்து கெடப்போகிற மாதிரி அவருக்கு மூச்சு வாங்கும். பின்வரிசையில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன், பாஸ்டரின் பிரசங்கத்தை அல்ல.

எல்லாப் பாடமும் உருப்படியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தரம் எங்கள் வீட்டில் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து அவர் எடுத்த பாடம் ஏதேன் தோட்டத்தில் புறப்பட்டு எங்கெங்கோ போய், திரும்பி வர வழி தெரியாமல் நின்றது. "சரி வுடு, இதுல எண்ணெய் கம்மி, அவ்ளோதான்" என்று தோசையைச் சுரண்டித் தின்றார். என் கணவர் வெளியே போய்ச் சிரித்தார்.

தெருவில் சில பெண்கள் அவரைக் கண்டால் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். ஊசிக்குப் பயந்து பாதி, பாடத்துக்குப் பயந்து பாதி.

எனக்கு அவர் சொன்னதில் மறக்காதது இரும்பு மாத்திரைப் பாடம். நான் முதல் தடவை உண்டாகியிருந்தபோது வரும்போதெல்லாம் மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றால் குமட்டியது. கறுப்பாகப் போனது. குழந்தையும் கறுப்பாகப் பிறக்குமோ என்று வேறு பயம். வாங்கி வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். ஒருநாள் எலி அதை உருட்டிக்கொண்டு வந்து அக்கா முன்னாலேயே போட்டது. அவர் கத்தவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் மடியில் வைத்தார்.

"வாங்கி வெச்சிக்கறது விசுவாசம் இல்லம்மா. முழுங்கறதுதான் விசுவாசம்."

அந்தக் குழந்தை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. மாத்திரை தின்னாததால்தானா என்று அழுதேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அக்கா நாலு தரம் சொன்னார். நான் நம்பவில்லை.

இரண்டாவது குழந்தை ஏழு மாதம் வரைக்கும் வந்தது. உள்ளே உதைத்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை உதைப்பது நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் சபைப் பெண்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான், ஆளுக்கொரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஆளுக்கொரு பாடமும் கொண்டுவந்தார்கள். ஆண்டவருக்கு ஏதோ திட்டம் இருக்கும் என்றார் ஒருவர். பொன்னைப் புடம் போடுகிறார் என்றார் இன்னொருவர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எல்லோரும் போன பிறகு மொபெட் வந்து நின்றது. இதோ வருகிறது, எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. என் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு மூலையில் வாளியில் ஊறிக்கொண்டிருந்த என் துணிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அந்தத் துணிகளை என் சொந்தத் தங்கை தொடத் தயங்கியிருந்தாள். துவைக்கும் சத்தம் கேட்டது. உதறும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "இன்னாக்கா, பாடம் ஒண்ணும் சொல்லல?"

"இதுல பாடம் இல்லம்மா."

"எல்லாத்துலயும் இருக்குதுன்னு சொல்லுவீங்களே."

"இருந்தாலும் இதுல நான் எடுக்க மாட்டேன்" என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் வண்டியைக் கிளப்பக்கூட இல்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அவர் சொன்ன பாடங்களையெல்லாம் நான் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது குழந்தை உண்டானபோது நான் பட்ட கவலையை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. மாத்திரைகளை ஒன்று விடாமல் முழுங்கினேன். ஏழாம் மாதம் செவ்வாய்க்கிழமைகளில் எழுந்திருக்கவே பயந்தேன். ஏழு போனது, எட்டு போனது. ஒன்பதில் பிரஷர் ஏறிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை, ஒரு வாரம் முன்னாலேயே டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

நாள் குறித்தது அக்காதான். எங்கள் வீட்டுச் சுவரில் சபைக் காலண்டர் தொங்கியது. அதன் முன்னால் நின்று விரல் வைத்து எண்ணினார். "வெள்ளிக்கிழம காலையில பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாங்க. வியாழக்கிழம சாயங்காலமே சேர்ந்துட்டா நல்லது. நான் அந்தப் பக்கம் கிராமத்துல ஊசி போட்டுட்டு நாலு மணிக்கு இங்க வந்துடறேன். உங்க வூட்டுக்காரர ஆட்டோ சொல்லி வெக்கச் சொல்லு."

வியாழக்கிழமைக் கட்டத்தில் பேனாவால் ஒரு சிலுவை போட்டார். வழியில் வலி வந்தால், ஆட்டோவில் பெட்ரோல் இல்லாவிட்டால், டாக்டர் லீவு போட்டால் என்று நான் வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றை மட்டும் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சபைக் காலண்டரில் ஞாயிறு சிவப்பாக இருக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வசனம் இருக்கும். பௌர்ணமி இருக்காது.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பௌர்ணமி என்றால் ஜனம் மலையைச் சுற்றி வரும். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாத கால்கள். தொண்ணூறுகளில்தான் அந்தக் கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகியது. எங்கள் வீடு அந்தச் சுற்றுப்பாதையிலேயே, செங்கம் ரோட்டை விட்டுப் பிரிந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருந்தது. அன்று வண்டிகளை விடமாட்டார்கள். விட்டாலும் ஓட்ட முடியாது. மேலும் ஜனமெல்லாம் மலையை வலது கைப்பக்கம் வைத்து ஒரே திசையில்தான் நடக்கும். எங்கள் வீட்டிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்து வழி அதற்கு நேர் எதிர்த் திசை.

வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பெண் நீர்மோர்ப் பானையை ரோட்டோரம் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தேன். "இன்னாத்துக்கு மோரு?" என்றேன். "பௌர்ணமிக்கு வேற இன்னாத்துக்கு?" என்றாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயிரம் கவலை பட்டவளுக்கு இந்த ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

கணவர் ஆட்டோ தேடி டவுனுக்கு ஓடினார். மதியம் இரண்டு மணிக்கு வலி எடுத்தது.

நாலு மணிக்கு அக்கா வந்தார். மேற்கே கிராமத்திலிருந்து வந்ததால் கடைசி வரைக்கும் அவருக்கு விஷயம் தெரியவில்லை. ரோட்டைப் பார்த்தார். ரோடு தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தார். அவர் வீட்டிலும் அதே காலண்டர்தான். என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். முகம் மாறியது.

"ஆட்டோ உள்ள வராது. ஏறு வண்டியில."

"இந்த வண்டியிலயாக்கா?"

"வேற எந்த வண்டி இருக்குது? ஏறும்மா."

தடுப்பூசிப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தலையணையைக் கட்டி என்னை ஒருபக்கமாக உட்காரவைத்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கிறிஸ்தவப் பெண்தான் நான். ஆனாலும் இந்த ஊரில் பிறந்தவளுக்கு மலையைச் சுற்றும் திசை ரத்தத்தில் இருக்கிறது. எதிரே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபோது ஏதோ தப்பு செய்கிற மாதிரி உடம்பு கூசியது. இதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று கூட நினைத்தேன்.

"ஓரமாப் போங்க, ஓரமாப் போங்க" என்று அக்கா கத்தினார். அந்த வண்டியில் ஹாரன் வேலை செய்து பல வருஷம் ஆகியிருந்தது. ஹாரன் அடித்து யாரும் திருந்தியதில்லை என்று அதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தார்.

"ஏம்மா, எதிர்ல வர்றியே, அறிவு இருக்குதா?" என்றது ஒரு குரல். இன்னொருவர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, அறுபது வயது இருக்கும். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பனிக்குடம் உடைந்தது. புடவை நனைந்து ரோட்டில் சொட்டியது. பெரியவர் கீழே பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு திரும்பி, வயலுக்கு அந்தக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"புள்ளத்தாச்சி வருது, வழி வுடுங்கோ."

அவருக்கு முன்னால் நின்றவர் அதை வாங்கி அடுத்தவருக்குச் சொன்னார். புள்ளத்தாச்சி வருது, புள்ளத்தாச்சி வருது என்று அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஓடியது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அது போய்ச் சேர்ந்திருந்தது. ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் தார் ரோடு கறுப்பாகத் தெரிந்தது. அக்காவின் முதுகு நிமிர்ந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"பாத்தியாம்மா, செங்கடல் பிளந்து வழி வுட்ட மாதிரியே..."

"அக்கா, பாடம் அப்பறம். ரோட்டைப் பாரு."

ரோட்டைப் பார்த்தார். செங்கம் ரோட்டுக்கு வந்து திரும்பினோம். அங்கேயும் சொல் எங்களுக்கு முன்னால் போயிருந்தது. வலி வரும்போதெல்லாம் நான் அவர் தோளைக் கடித்தேன். அந்த ரோட்டில் இருக்கும் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது. மறுபடி இருமி நின்றது.

அக்கா குனிந்து பெட்ரோல் குழாயைத் திருப்பப் போனார். அது ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. ரிசர்வைத் தொட்டுவிட்டு ஜெபிக்கக் கூடாது, தொடுவதற்கு முன்னால் ஜெபிக்க வேண்டும் என்று சபையில் இருபது நிமிஷம் பேசியவர் அவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பின்னால் யாரோ வண்டியைத் தொட்டார்கள். அதே பெரியவர். எங்களுக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறார்.

"நீ ஹேண்டலைப் புடிம்மா. நான் தள்றேன்."

"ஐயா, நீங்க மலை சுத்த வந்தவரு" என்றார் அக்கா. "பாதி தூரம் வந்துட்டீங்க."

"கீழ்பென்னாத்தூர்லேருந்து வர்றேன். பையனுக்கு வேலை கெடைக்கணும்னு வேண்டுதல். அதுக்கு இன்னா இப்ப? மல அங்கியேதான் இருக்கும். திரும்ப மொதல்லேருந்து சுத்திக்கறேன். நீ புடி."

அவர் தள்ள ஆரம்பித்ததும் இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒரு பெண் தன் இடுப்புக் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து என் முதுகைத் தாங்கிக்கொண்டாள். வெயிலில் காய்ந்த தார் ரோடு. வெறுங்கால்கள். அந்த ரோட்டில் ஆயிரக்கணக்கான பேர் ஒரு பக்கமாக நடந்துகொண்டிருக்க, எங்களோடு ஆறேழு பேர் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். பெரியவரின் கட்டைவிரலில் ரத்தம் கசிந்ததைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

டவுன் எல்லையில் போலீஸ் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டோவை வைத்துக்கொண்டு என் கணவர் ஒரு போலீஸ்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போலீஸ்காரரே தடுப்பைத் தூக்கினார். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். பெரியவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஆறரை மணிக்கு என் மகள் பிறந்தாள். ஒரு விநாடி சத்தம் இல்லை. அந்த ஒரு விநாடிக்குள் நான் எத்தனை செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு அழுதாள். ஆஸ்பத்திரிச் சுவர் அதிர அழுதாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், "நர்ஸம்மாவோட பேத்தியா? தொண்டை அப்படியே கீது" என்றாள்.

அக்கா குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அவர் ஜாக்கெட் தோளில் என் பல் பதிந்த இடம் கிழிந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"எங்கிட்ட இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நீ சொல்லு. இதுல இன்னா பாடம்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "சபைக் காலண்டர்ல பௌர்ணமி போடச் சொல்லணும்க்கா."

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு, "அந்தப் பெரியவர் பேரைக் கூட கேக்கலியே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அக்கா எழுந்தார். பாஸ்டர் வாட்சைத் திருப்பினார். "வியாழக்கிழம ஒருத்தர் சாமிக்கு நடந்துகினு இருந்தாரு. நமக்காகப் பாதியில திரும்பினாரு. இத்தனை வருசமா நான் எத்தனையோ பேசியிருக்கேன். இன்னொருத்தருக்காக அப்படி ஒரு தரம் கூட நான் திரும்பினதா ஞாபகம் இல்ல. உங்களுக்கு இருந்தா சொல்லுங்க." உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பாஸ்டர் வாட்சைப் பார்த்தபடியே நின்றார். பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் காலண்டர் வந்ததும் நான் பக்கத்து வீட்டில் கேட்டு ஒவ்வொரு மாதமும் பௌர்ணமிக் கட்டத்தைப் பேனாவால் வட்டமிட்டேன். அக்காவுக்கும் ஒன்று வட்டமிட்டுக் கொடுத்தேன். வருஷா வருஷம் கொடுத்தேன். இரண்டாயிரமாம் வருஷத்தில் அவர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே மலையே கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை கரும்பும் நெல்லும்தான்.

சில வருஷம் கழித்து மகளோடு பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம், அவர் நம்மை மறந்திருந்தால் என்ன செய்வது என்று கவலை. வாசலில் அதே மொபெட் நின்றது. உள்ளே சுவரில் ஒரு சபைக் காலண்டர் தொங்கியது. அந்த வருஷம் நான் அனுப்பவில்லை, அவரே யாரிடமோ கேட்டு வட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. பெட்ரோல்.

"இங்க மலையே இல்லியேக்கா. யாரு சுத்தறாங்க?"

"யாரும் சுத்தல" என்றார். என் மகளை அருகே இழுத்து, எடை பார்ப்பது போல இரண்டு கையாலும் தூக்கினார். "வண்டி நின்னுப்போனா திரும்பி வந்து தள்ள, இங்க அவரு இல்ல பாரு. அதான் டேங்கை ரொப்பி வெச்சிக்கறேன்."